புதுப்பிப்பு: ஒன்பதாம் வகுப்பு கைகழுவும் செயல்திட்டம் என்ன ஆச்சு

அகார் தட்டில் (ஜெல்லி போன்ற ஊடகம் நிரப்பிய ஆய்வகத் தட்டு) கிருமி வளர்க்காமல், கைகழுவுவதன் பலனைக் கண்ணால் காட்ட ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ரொட்டித் துண்டு யோசனையைச் செய்தோம். கழுவாத கையால் தொட்டது, கழுவிய கையால் தொட்டது, யாரும் தொடாதது என மூன்றையும் தனித்தனி உறையில் போட்டு மூடி வைத்தோம். பார்த்தால் கழுவிய கை தொட்ட ரொட்டியில்தான் முதலில் பூஞ்சை! ஈரக்கையோடு தொட்டிருக்கிறார்கள், பூஞ்சைக்கு ஈரம் போதுமே. கையை நன்றாகத் துடைத்துவிட்டு, கால்சியம் புரோபியோனேட் போன்ற பதப்பொருள் சேர்க்காத ரொட்டியில் மறுபடி செய்தபோது வித்தியாசம் சரியாக வந்தது. உறைகளைத் திறக்காமல் அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஆனால் உண்மையில் எடுபட்டது, ஒருவர் சொன்ன போஸ்டர் வண்ண யோசனைதான். கண்ணை மூடிக்கொண்டு, சோப்பு போடுவது போல வண்ணத்தை 20 விநாடி தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் கட்டைவிரலின் பின்பக்கம், நகநுனி, விரல் இடுக்கு எல்லாம் வண்ணமே படாமல் வெளுப்பாக நிற்கும், ரொட்டியில் பூஞ்சை வரக் காத்திருந்த பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போனார்கள். விடுபட்ட இடங்களைக் கை வரைபடத்தில் குறித்து வகுப்பு முழுக்கக் கூட்டியதில் கட்டைவிரல்தான் முதலிடம். அந்த வரைபடத்தையே அறிக்கையின் முதல் பக்கமாக வைத்துவிட்டார்கள்.

நீரில் கரையும் வண்ணமாக வாங்குங்கள், சட்டைக் கையை மடித்துவிடச் சொல்லுங்கள்.