“எல்லாரையும் கனம்பண்ணுங்கள்” என்ற கட்டளை எங்கள் கட்டடத்து லிப்ட்டுக்கும் பொருந்துமா?

செம்பூர்வாசி (கேள்வி):
அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டு லிப்ட்டுகள் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு வருகிற பெண்களும் குப்பை எடுக்க வருகிறவர்களும் பின்பக்கத்து லிப்ட்டில்தான் ஏற வேண்டும் என்று சொசைட்டி கமிட்டி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அது பழுதாகி நிற்கும் நாட்களில், ஐம்பது வயதைக் கடந்த அம்மாக்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஏறி வருகிறார்கள். வளர்ப்பு நாய்களோ எப்போதும்போல் முன்பக்கத்து லிப்ட்டில் போய் வருகின்றன. நானும் அந்தக் கமிட்டியில் ஓர் உறுப்பினன். எங்கள் போதகர் 1 பேதுரு 2:17-ஐ எடுத்துப் பிரசங்கித்ததிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. இந்தக் கட்டளை சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் உரியதா? அப்படியானால், துப்புரவுப் பணியாளர்களின் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியையும் இழுத்தடித்துத் தருகிற ஒப்பந்தக்காரரையும் நான் கனம்பண்ணத்தான் வேண்டுமா?

உபதேசியார் மகன்:
சகோதரரே, உங்கள் முதல் கேள்விக்கு அந்த வசனமே பதில் சொல்லிவிடுகிறது. “எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்.” சகோதரரைப் பற்றித் தனியாக ஒரு கட்டளை இருக்கும்போது, “எல்லாரையும்” என்பது சபைக்குள் இருப்பவர்களோடு நின்றுவிட முடியாது. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா நாடுகளில் சிதறிக் கிடந்த சிறு சபைகளுக்கு எழுதப்பட்ட நிருபம் இது. அவர்களைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் விசுவாசத்தைப் பகிராதவர்கள், அவர்களைப் பழித்துப் பேசியவர்களும் உண்டு. ரோமப் பேரரசனுக்குச் செலுத்தச் சொன்ன கனத்தையே எல்லாருக்கும் செலுத்தச் சொல்லுகிறார் அப்போஸ்தலன்.

இதற்கு அடிப்படை ஆதியாகமத்தில் இருக்கிறது. மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்று 1:27 சொல்லுகிறது. பாவம் நுழைந்து, ஜலப்பிரளயமும் முடிந்தபிறகு, மனித இரத்தத்தை ஏன் சிந்தக்கூடாது என்பதற்கு 9:6 காட்டும் காரணமும் அதே சாயல்தான். யாக்கோபு 3:9-உம் அதைச் சொல்லித்தான், தேவனைத் துதிக்கிற நாவினாலேயே மனிதரைச் சபிக்கிறோமே என்று கடிந்துகொள்ளுகிறது. ஆகவே உங்கள் கட்டடத்து அம்மாவுக்கு உரிய மரியாதை, அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார், எவ்வளவு நன்றாக வேலை செய்கிறார் என்பதையெல்லாம் பார்த்துக் கொடுக்கப்படுவதன்று.

தாராவித் தங்கை:
அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் கமிட்டியைக் கேட்பதற்கு முன்னால் நம் சபைகளையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தது. அந்தப் பக்கத்து வடக்கன்குளத்தில், ஒரே கத்தோலிக்க தேவாலயத்துக்குள் சாதியின்படி மக்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இடித்தார்கள். சீர்திருத்த சபைகளிலும் இதே கதைதான். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று எழுதியபோது, வேறு சாதியாரோடு சேர்ந்து உட்கார்ந்து திருவிருந்து எடுக்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தவனுக்குப் பாதபடியண்டை என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கண்டித்ததை வாசித்துவிட்டு வந்தவர்கள்தாம் இவர்கள்!

இன்று சுவர் இல்லை. ஆனால் ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும்போது பாருங்கள். ஆலயத்தைப் பெருக்குகிற அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு செருப்பு விடும் இடத்தில்தான் நிற்பார். நாற்காலிகள் காலியாகவே இருக்கும், உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. நம் பிள்ளைகளும் பாட்டி வயதுள்ள அவரை ‘தூ’ (நீ) என்று இந்தியில் கூப்பிடுகிறார்கள், நாம் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். கனம்பண்ணுவது என்றால் எனக்கு முதலில் இவைதாம் தோன்றுகின்றன: ஒரு நாற்காலி, மரியாதையான அழைப்பு, பேர் சொல்லி நலம் விசாரிப்பது.

கோரேகாவ் வாசகர்:
இரண்டாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லையே. அப்போஸ்தலர் 23-இல், நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாகத் தன்னை அடிக்கச் சொன்ன அனனியாவைப் பவுல் “வெள்ளையடிக்கப்பட்ட சுவரே” என்று கடிந்துகொள்ளுகிறார். அவர் பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும், ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக்கூடாது என்ற வேதவாக்கியத்துக்குத் தன்னை உட்படுத்துகிறார். ஆனாலும் நடந்தது நியாயம்தான் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தக்காரரை அவமானப்படுத்தாமல், அவர் செய்வது அநியாயம் என்று முகத்துக்கு நேரே சொல்ல உங்களால் முடியும். பேசாமல் இருந்துவிட்டால் அது பணியாளர்களைக் கனவீனப்படுத்துவதாகும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்பது லேவியராகமம் 19:13; பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்பது யாக்கோபு 5:4.

எனவே கமிட்டியில் இரண்டையும் எழுத்திலேயே கொடுங்கள்: லிப்ட் அறிவிப்பை எடுக்க ஒரு தீர்மானம், மாதந்தோறும் கூலிப் பட்டியலைக் கமிட்டிக்குக் காட்டியபிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் என்று இன்னொன்று. அதற்கு முன்னால் அந்தப் பணியாளர்களிடம் தனியாகப் பேசுங்கள். பேர் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர் இருப்பார். யாருடைய பேரைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.