பொருள்: எலும்புத் தேய்வா, எலும்புக்கோறையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எலும்பு உள்ளே அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோயான ஒஸ்டியோபோரோசிஸைப் பற்றி மக்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன், நோய்க்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறேன். 'எலும்புத் தேய்வு' போதும், மக்களுக்குப் பழகிய சொல் என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். பழகிய சொல்தான், ஆனால் வேறொரு நோய்க்குப் பழகியது. பிரசுரத்தின் முதல் வரைவைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தலைப்பு முடிவதற்குள் முழங்காலைத் தட்டி, தைலம் பூசிய இடத்தைக் காட்டினார். அது மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்து வரும் வலி. நான் சொல்ல வந்த நோய் வலிக்காது. கிணற்றடியில் சறுக்கிக் கையூன்றும் நாளில் மணிக்கட்டு முறிந்துதான் தெரியவரும். அவருடைய தங்கைக்கு அப்படித்தான் முறிந்தது. அதையும் அவர் 'விழுந்த முறிவு' என்றே கணக்கில் வைத்திருக்கிறார்.

'எலும்பு மெலிவு' என்று மட்டக்களப்பு நண்பர் தந்தது நல்ல சொல். அதை இங்கே செலவழித்துவிட்டால், இந்த நோயின் முன்நிலையான ஒஸ்டியோபீனியாவுக்கு எங்கே போவது? உலக சுகாதார நிறுவனம் 1994இல் வெளியிட்ட வரையறைப்படி, எலும்பின் அடர்த்தி இளவயதினரின் சராசரியைவிட 1 முதல் 2.5 நியமவிலகல் (சராசரியிலிருந்து விலகுவதை அளக்கும் அலகு) வரை குறைந்திருந்தால் அது முன்நிலை. குறைவு 2.5ஐத் தொட்டால் நோய். மெலிவு முன்நிலைக்கே பொருந்தும்.

'எலும்புப்புரை' மூலத்துக்கு மிக நெருங்கியது. கிரேக்கச் சொல்லிலும் எலும்பும் துளையும்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணில் மறைப்பதும் புரை, எலும்பில் ஓட்டை விழுவதும் புரை என்றால் நோயாளி என்ன நினைப்பார்? போதாக்குறைக்கு, 'புரையோடிய' என்றதும் சீழும் ஊழலுமே நினைவுக்கு வருகின்றன.

ஆகவே 'எலும்புக்கோறை' என்கிறேன். போன கச்சான் காற்றில் எங்கள் முற்றத்துப் பூவரசு முறிந்தது. இலை பச்சை, பட்டை உறுதி, உள்ளே கோறை. முறிந்த பிறகுதான் தெரிந்தது. இந்த நோயின் கதையும் அதுதானே?

கோறை என்றால் ஒரே பெரிய பொந்து, நோயிலோ வலைப்பின்னல் போன்ற உட்பகுதி இழை இழையாக அறுகிறது என்று மருத்துவர் அம்மா சுட்டிக்காட்டியிருந்தார். உண்மை. அந்த உட்பகுதியைப் பார்க்க விரும்புவோர் கடற்கரையில் ஒதுங்கிய முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) ஒன்றை உடைத்துப் பார்க்கலாம், அச்சாக அப்படி இருக்கும். ஆனால் 'எலும்பு முருகை' என்றால் எலும்பு கல்லாகிவிட்டது என்றல்லவா பொருள்படும்! சொல் படமாக இருந்தால் போதும், நிழற்படமாக இருக்க வேண்டியதில்லை.

பிரசுரத்தில் ஓமோன் பகுதியைச் சுருக்கவே மனமில்லை. பொஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர், இந்த நோயாளிகளில் மிகப் பலர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதைக் கவனித்து, ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோன் குறைவதே காரணம் என்று 1940களின் தொடக்கத்தில் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, முட்டையிடவிருக்கும் பெண்புறாவின் எலும்புக்குள் புதிய எலும்பு நிறைவதைக் கண்டிருந்தார்கள். முட்டையோட்டுக்கு வேண்டிய கல்சியத்தை ஈஸ்ட்ரஜனின் ஏவலில் அங்கே சேமித்து வைக்கிறது புறா. நிலாவெளியிலிருந்து புறாத்தீவைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது இத்தனை காலம் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

நம் எலும்பில் ஒரு வகை உயிர்க்கலம் சில வாரங்கள் தோண்டுகிறது, இன்னொரு வகை சில மாதங்கள் நிரப்புகிறது. ஈஸ்ட்ரஜன் தோண்டுகிறவனின் கையைப் பிடித்து வைத்திருக்கிறது. அது விலகினால் தோண்டல் மிஞ்சும், நிரப்பல் பின்தங்கும். இக்கலங்களுக்குப் பாடநூல் தரும் நீண்ட பெயர்களை விட்டு, 'தோண்டுகலம்', 'நிரப்புகலம்' என்றே எழுதியிருக்கிறேன். 'என்பு' பாடநூலில் இருக்கட்டும், கிணற்றடிக்கு 'எலும்பு' போதும்.

மிஞ்சியிருப்பது தோண்டி நிரப்பும் அந்தத் தொடர்வேலைக்கு ஒரு பெயர். 'மீள்வடிவமைப்பு' என்று எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன், வீட்டுக்கு வரைபடம் போடுவது போல இருக்கிறது. 'எலும்புப் புதுக்கல்' எப்படி? வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. அதற்குள் சொல்லுங்கள்.

திருகோணமலையிலிருந்து,
உங்கள் பழைய உயிரியல் வாத்தியார்