சி ஷார்ப் நிரலிலிருந்து பைத்தானை ஓட்டினால் பெரிய பட்டியலில் உறைந்து நிற்கிறது

கம்பம்மெட்டு_கணக்கு:

ஏலக்காய் வியாபாரக் கணக்கு நிரல் ஒன்று சி ஷார்ப்பில் இருக்கிறது. விண்ஃபார்ம்ஸ், டாட்நெட் 8, விண்டோஸ் 11. புற்றடி ஏலம், போடி ஏலம் இரண்டின் பட்டியலும் எக்செல் கோப்பாகக் கைக்கு வரும். கோப்பைப் படித்து லாட் (ஏலத்துக்கு வரும் சரக்குத் தொகுதி) எண், மூட்டை, எடை, விலை, தோட்டக்காரர் பெயர் எல்லாம் பிரித்து, பேரேட்டில் உள்ள பெயரோடு பொருத்துவது பைத்தான் ஸ்கிரிப்டின் வேலை. பைத்தான் 3.11, அட்டவணை படிக்கப் பாண்டாஸ், பெயர் பொருத்த ரேபிட்ஃபஸ். முடிவை ஜேசானாக (தரவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) பிரிண்ட் செய்கிறது, சி ஷார்ப் அதை வாங்கிக்கொள்கிறது.

இரண்டு கோளாறு.

ஒன்று: 30 லாட் உள்ள பட்டியல் ஓடுகிறது. 300 லாட் கொடுத்தால் அப்படியே நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் பைத்தான் இருக்கிறது, சிபியு 0 சதவீதம். பிழைச் செய்தி எதுவும் இல்லை.

இரண்டு: பெயர் இங்கிலீஷில் இருந்தால் சரி. மலையாளத்திலோ தமிழிலோ வந்தால் 'சார்மேப் கோடெக்கால் எழுத முடியவில்லை' என்று யூனிகோட் என்கோட் எர்ரர். அதே ஸ்கிரிப்டைக் கறுப்புத் திரையில் கையால் ஓட்டினால் இரண்டு கோளாறும் இல்லை.

இப்போது செய்வது: ப்ராசஸ் ஸ்டார்ட், உடனே வெயிட்ஃபார்எக்ஸிட் (முடியும்வரை காத்திருப்பு), பிறகு ஸ்டாண்டர்ட்அவுட்புட்டில் ரீட்டுஎண்ட் (கடைசிவரை படிப்பு). பிழைச் செய்தி வரும் ஸ்டாண்டர்ட் எர்ரரையும் ரீடைரக்ட் செய்திருக்கிறேன் (திரைக்குப் போகாமல் என் நிரலுக்குத் திருப்பியிருக்கிறேன்), ஆனால் படிக்கவில்லை.

---

போடிமெட்டு_வளைவு:

கடைசிப் பத்தியிலேயே உங்கள் முதல் கோளாறு இருக்கிறது, தம்பி.

ரீடைரக்ட் செய்ததும் இரண்டு நிரலுக்கும் நடுவே ஒரு குழாய் விழுகிறது. அதன் கொள்ளளவு விண்டோஸில் இயல்பாக 4 கேபி, லினக்ஸில் 64 கேபி. லாட் ஒன்றுக்கு 100 பைட் என்று வையுங்கள். 30 லாட் 3,000 பைட், குழாய்க்குள் அடங்கிவிடும். பைத்தான் எழுதி முடித்து வெளியேறும், நீங்கள் சாவகாசமாகப் படிக்கலாம். 300 லாட் என்றால் 30,000 பைட். குழாய் நிரம்பியதும் யாராவது உறிஞ்சட்டும் என்று பைத்தான் நிற்கிறது. பைத்தான் முடியட்டும் என்று நீங்கள் நிற்கிறீர்கள். ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு லாரி கதைதான், அதனால்தான் சிபியு 0.

வரிசையை மாற்றினால் தீர்ந்தது: முதலில் படிப்பு, பிறகு காத்திருப்பு. ஆனால் இரண்டு குழாய் இருப்பதால் ஒன்றை ரீட்டுஎண்ட் செய்து முடித்துவிட்டு அடுத்ததைப் படிப்பதும் ஆபத்து. அவுட்புட்டை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது எர்ரர் குழாய் நிரம்பினால் அதே பூட்டுதான். உங்களுக்கு இது நடக்கவும் கூடும். எக்செல் கோப்பில் டீஃபால்ட் ஸ்டைல் இல்லையென்றால், அதைப் படிக்கும் ஓப்பன்பைஎக்செல் நூலகம் ஒரு வார்னிங்கை எர்ரர் பக்கம் தள்ளும். நிறையக் கோப்பை ஒரே ஓட்டத்தில் படித்து, பாண்டாஸும் தன் பங்குக்கு வார்னிங் போட்டால் 4 கேபி பெரிய தூரமில்லை.

செய்ய வேண்டியது: ஸ்டார்ட் ஆனதும் இரண்டுக்கும் ரீட்டுஎண்ட்அசிங்க் போட்டு இரண்டு டாஸ்க்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வெயிட்ஃபார்எக்ஸிட்அசிங்க்கை அவெய்ட் செய்யுங்கள், அடுத்து அந்த இரண்டு டாஸ்க்கையும். அசிங்க் என்பதால் பட்டன் அழுத்தியதும் ஜன்னல் வெளுத்துப்போவதும் நின்றுவிடும். எக்ஸிட் கோட் 0 இல்லையென்றால் ஜேசானைத் தொடவே வேண்டாம், எர்ரர் பக்கம் வந்ததை லாக்கில் போடுங்கள். பிடிபடாத எக்ஸப்ஷன் 1 தரும், ஆர்கியுமென்டைப் பிரித்துப் படிக்கும் ஆர்க்பார்ஸுக்குத் தவறானது போனால் 2.

கோப்புப் பாதையை ஆர்கியுமென்ட்ஸ் என்ற ஒற்றைச் சரத்தில் ஒட்டாதீர்கள். 'ஏலம் மார்ச்' என்று இடைவெளி உள்ள ஃபோல்டர் வந்ததும் இரண்டு ஆர்கியுமென்டாக உடையும். மேற்கோள் குறி போட்டாலும், பாதை பின்சாய்கோட்டில் முடிந்தால் அது மூடும் மேற்கோளை விழுங்கிவிடும். ஆர்கியுமென்ட்லிஸ்ட்டில் ஒவ்வொன்றாக ஆட் செய்தால் இந்த வம்பு இல்லை. க்ரியேட்நோவிண்டோ ட்ரூ, இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கறுப்பு ஜன்னல் மின்னி மறையும்.

---

செங்கோட்டை_8086:

இரண்டாவது கோளாறுக்கு வருகிறேன்.

கறுப்புத் திரையில் ஓடுவதற்குக் காரணம், 3.6 முதல் விண்டோஸ் கன்சோலுக்குப் பைத்தான் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தும் அடங்கும் குறியாக்கம்) வழியாக எழுதுகிறது. வெளியீடு குழாய்க்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது, விண்டோஸின் கோட் பேஜை (பழைய எழுத்து அட்டவணையை) எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது சிபி1252. அதில் 'கட்டப்பனை' என்பதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

நீங்கள் ஜேசான் டம்ப்ஸில் என்ஷ்யூர்_ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்கியிருக்கிறீர்கள், சரிதானே? அதைத் தொடாமல் விட்டிருந்தால் இந்த எர்ரரே வந்திருக்காது. இயல்பு நிலையில் ஒவ்வொரு மலையாள, தமிழ் யூனிகோட் குறியீடும் பின்சாய்கோடு, யூ, நான்கு இலக்கம் என்று 6 பைட் ஆஸ்கியாக (வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக) போகும். சி ஷார்ப் பக்கம் அதைத் தானே எழுத்தாக மாற்றிக்கொள்ளும். யூடிஎஃப்-8ல் 3 பைட், இங்கே 6. 300 லாட்டுக்கு அதனால் ஒன்றும் குடி முழுகாது. கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்றுதான் எல்லோரும் அதை ஃபால்ஸ் ஆக்குகிறார்கள், ஆனால் குழாய்க்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

நேரடியாக யூடிஎஃப்-8 தான் வேண்டுமென்றால் இரு முனையிலும் சொல்ல வேண்டும். பைத்தானுக்கு பைத்தான்யூடிஎஃப்8 என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 ஆக்கி அனுப்புங்கள், இது 3.7 முதல் உண்டு. சி ஷார்ப்பில் ஸ்டாண்டர்ட்அவுட்புட்என்கோடிங்கையும் ஸ்டாண்டர்ட்எர்ரர்என்கோடிங்கையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். பைத்தான் முனையை மட்டும் மாற்றினால் எர்ரர் போய்விடும், ஆனால் பெயருக்குப் பதில் கிறுக்கல் வரும். எர்ரராவது கண்ணில் படும். கிறுக்கல் சத்தமில்லாமல் டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று, இது எல்லைப்பக்கத்து ஆட்களுக்கே உரிய தொல்லை. 'வண்டன்மேடு' என்று மலையாளத்தில் எழுதும்போது நடுவில் வரும் 'ன்' ஒரு சில்லெழுத்து, அதாவது தனி வடிவம் உள்ள மெய்யெழுத்து. பழைய கோப்புகளில் அது ந, சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), ஜீரோ விட்த் ஜாய்னர் (கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி) என்று மூன்று குறியீடாக இருக்கும். 2008ல் வந்த யூனிகோட் 5.1க்குப் பிறகு அதற்கென்றே தனிக் குறியீடு வந்துவிட்டது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி நார்மலைசேஷன் இதைச் சேர்க்காது. தமிழில் 'போடி' என்பதன் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு துண்டாகவும் வரலாம். அதை மட்டும் என்எஃப்சி சேர்த்துவிடும்.

ஆகவே பொருத்துவதற்கு முன் மலையாளப் பெயரில் ண், ன், ர், ல், ள் ஐந்துக்கும் பழைய வடிவத்தைப் புதிய வடிவமாக மாற்றுங்கள். அதற்குப் பிறகே மிச்சமுள்ள ஜாய்னர்களை நீக்குங்கள். வரிசை முக்கியம். ஜாய்னரை முதலில் உரித்துவிட்டால் எது சில்லு, எது கூட்டெழுத்து என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

---

கம்பம்மெட்டு_கணக்கு:

அண்ணே, படிப்பு வரிசையை மாற்றியதும் 300 லாட் ஓடிவிட்டது. என்ஷ்யூர்_ஆஸ்கி நீங்கள் சொன்னதுபோல் ஃபால்ஸில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

இப்போது வேகம். ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு லாட்டுக்கும் பெயர் பொருத்தம் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. அயர்ன்பைத்தானுக்கு மாறிவிடலாமா?

---

புளியமலை_மஞ்சு:

அயர்ன்பைத்தான் வேண்டாம். அது டாட்நெட் மேல் எழுதிய தனிப் பைத்தான். சியில் எழுதிய எக்ஸ்டென்ஷன்கள் அதில் ஏறாது, பாண்டாஸும் ரேபிட்ஃபஸும் அந்த வகைதான்.

அந்த ஒரு நொடியில் பொருத்தத்துக்கு ஆவது சொற்பம். பைத்தான் எழுந்து பாண்டாஸை இம்போர்ட் செய்வதற்குத்தான் பெரும்பகுதி போகிறது. சந்தேகமிருந்தால் பைத்தானை 'எக்ஸ் இம்போர்ட்டைம்' ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள், எந்த மாட்யூல் எத்தனை மைக்ரோசெகண்ட் தின்கிறது என்று பட்டியல் போடும். லாட்வாரிப் பொருத்தத்துக்குப் பாண்டாஸே தேவையில்லை, அந்த ஸ்கிரிப்டைத் தனியாகப் பிரியுங்கள்.

பிறகு அதைக் காலையில் ஒரு தடவை எழுப்பி, மூடாமல் வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் பக்கம் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வரி வரியாகப் படிக்கும் லூப். ஒரு வரி வந்தால் ஒரு கேள்வி, ஒரு வரி எழுதினால் ஒரு பதில். சி ஷார்ப் பக்கம் ரைட்லைன், ரீட்லைன்அசிங்க்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிரிண்டில் ஃப்ளஷ் ட்ரூ போடாவிட்டால் பதில் வராது, ஏனென்றால் குழாய்க்கு எழுதும்போது பைத்தான் 8 கேபி சேரும்வரை கையிலேயே வைத்திருக்கும். பதிலில் இண்டென்ட் கூடாது, ஜேசான் ஒரே வரியில் இருக்க வேண்டும். டீபக் செய்ய என்று வழியில் ஒரு பிரிண்ட் போட்டால் அதுவும் பதிலாகப் போய்விடும், அடுத்தடுத்த பதில்கள் எல்லாம் ஒரு லாட் தள்ளி விழும். 112ம் லாட்டின் பெயர் 113ல் ஏறினால் பணம் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. டீபக் எல்லாம் எர்ரர் பக்கம் போகட்டும், கேள்வியோடு லாட் எண்ணை அனுப்பி, பதிலிலும் அதே எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கேட்காதபடி ஒரு செமஃபோர்ஸ்லிம் காவல் போடுங்கள். எர்ரர் குழாயை இங்கேயும் யாராவது உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும், பிகின்எர்ரர்ரீட்லைன் போதும்.

கேள்வியை சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசானில் கட்டினால் அதுவும் இயல்பாகவே ஆஸ்கியாக எஸ்கேப் செய்துவிடும். இன்புட் என்கோடிங்கை நீங்களாகக் கொடுப்பதானால் பாம் (தொடக்கத்தில் ஒட்டும் மறைக் குறி) இல்லாத யூடிஎஃப்-8 கொடுங்கள். இல்லையேல் முதல் வரியின் தலையில் பாம் ஒட்டிக்கொண்டு முதல் கேள்வி மட்டும் தோற்கும்.

ரீட்லைன் நல் தந்தால் பைத்தான் செத்துவிட்டது என்று பொருள், புதிதாக எழுப்புங்கள். இரண்டு நொடியில் பதில் இல்லையென்றால் கில்லுக்கு ட்ரூ கொடுத்து அழையுங்கள், அப்போதுதான் அது பெற்ற குட்டி ப்ராசஸ்களும் சேர்ந்து சாகும். மாலையில் மூட ஸ்டாண்டர்ட்இன்புட்டை க்ளோஸ் செய்தால் போதும், லூப் தானே முடியும்.

பைத்தான்நெட்டும் ஒரு வழிதான். நிஜமான பைத்தானையே உங்கள் ப்ராசஸுக்குள் ஏற்றும், குழாயே கிடையாது. ஆனால் ரன்டைம் பைத்தான்டிஎல்எல் சரியான பதிப்பைக் காட்ட வேண்டும், 32 பிட், 64 பிட் ஒத்துப்போக வேண்டும். இனிஷியலைஸ் செய்த பின் பிகின்அலவ்த்ரெட்ஸ் மறந்தால் அடுத்த த்ரெட் ஜிஐஎல்லுக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பைத்தான் பூட்டு) நின்றே போகும். எக்ஸ்டென்ஷன் ஒன்று உள்ளே விழுந்தால் கணக்கு நிரலும் கூடவே விழும். ஏலம் நடுவில் அந்த ரிஸ்க் எதற்கு?

---

கம்பம்மெட்டு_கணக்கு:

பிரித்து ஓட்டிப் பார்த்தாயிற்று, லாட் திரையில் வந்ததும் பெயர் வந்து நிற்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். இரவு டாஸ்க் ஷெட்யூலரில் வேறு யூசர் பெயரில் ஓட்டினால் பைத்தானையே காணோம் என்கிறது.

---

போடிமெட்டு_வளைவு:

ஃபைல்நேமில் வெறும் 'பைத்தான்' என்று விட்டிருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வந்த பைத்தான் என்றால் அந்தப் பெயர் யூசருக்கு யூசர் தனி. எல்லா யூசருக்குமாகப் பைத்தானை நிறுவி, அதிலிருந்து ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி, அதன் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள பைத்தான் எக்ஸிக்கு முழுப் பாதை கொடுங்கள். ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை. வொர்க்கிங்டைரக்டரியையும் கையோடு எழுதிவிடுங்கள், ஷெட்யூலரில் அது சிஸ்டம்32ல் போய் நிற்கும்.