ஐயாவின் பழைய கடிகாரத்தைப் பினாங்குக்குப் பார்சல் அனுப்பலாமா?

கேள்வி: தேவகோட்டை வளவு

வணக்கம். தேவகோட்டையில் எங்கள் ஐயா வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து ஒழித்துக்கொண்டிருக்கிறோம். மரச்சாமான், எனாமல் தூக்கு எல்லாவற்றையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்துக்குள் ஒரு அலாரம் கடிகாரம் கிடைத்தது. ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனபோது வாங்கியதாம். எண்களின் மேலும் முட்களிலும் பழுப்பேறிய மஞ்சள் பூச்சு, ஓரிரு இடத்தில் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. இருட்டில் வைத்துப் பார்த்தேன், ஒளிரவில்லை. பக்கத்திலேயே பிரிக்காத பெட்ரோமாக்ஸ் மேன்டில் பாக்கெட்டுகளும் இருந்தன.

பினாங்கில் இருக்கும் சித்தப்பா மகன் கடிகாரத்தைப் பார்சலில் அனுப்பச் சொல்கிறான். பிளஸ் டூ படிக்கும் என் மகளோ, "அது ரேடியம், கதிரியக்கம் உள்ளது, தொடாதே" என்கிறாள். ஒளியே இல்லை, வீரியம் எப்போதோ போயிருக்கும் என்பது பங்காளி ஒருவரின் கட்சி. கண்ணாடியைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதுமா?

கோட்டையூர்க்காரன்

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. பழைய இரும்புக்குப் போட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அணு உலைக்கு இருக்கிற விதியை ஒரு கடிகாரத்துக்கும் போடுவது அதிகம். வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையில் கூடிப் பேசுகிறவர்களுக்கும் தேவகோட்டைப் பெட்டகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பள்ளத்தூர் - கல்பாக்கம்

மகள் சொல்வதுதான் சரி, தங்கச்சி. கல்பாக்கத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

முதலில் கண்ணாடி. கழற்றாதீர்கள், துடைக்காதீர்கள், பூச்சைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். ஒளிராததால் ரேடியம் போய்விட்டது என்பது தவறு. ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். ஐயா வாங்கிய அன்று இருந்தது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதன் கதிர் பட்டு ஒளிர்ந்துகொண்டிருந்த துத்தநாக சல்பைடுதான் நாளாவட்டத்தில் கெட்டுப்போனது. கடிகாரத்தைக் கையில் எடுத்ததால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். உதிர்ந்த தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான் கெடுதல். ரேடியம் கால்சியத்தைப் போலவே எலும்பில் போய்த் தங்கிவிடும். அமெரிக்காவில் 1920களில் கடிகார முகப்புக்கு இந்தப் பூச்சைத் தீட்டிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்து முனை கூராக்கினார்கள். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள்.

கோட்டையூர் அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். வியன்னாவில் எழுதுகிற விதிகளில் பல, இரும்புக்கடையில் நடந்த சாவுகளால் வந்தவை.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், இடம் மாறிப் போன ஒரு மருத்துவமனை தன் பழைய புற்றுநோய் சிகிச்சைக் கருவியை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. இரண்டு பேர் அதைப் பிரித்து எடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். ராத்திரியில் நீலமாக ஒளிர்ந்ததால், கடைக்காரர் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார். சிலர் உடம்பிலும் பூசிக்கொண்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உடம்புக்கு வந்ததைக் கவனித்தது கடைக்காரரின் மனைவிதான். அந்தப் பொருளைப் பையில் போட்டு, பஸ்ஸில் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரையும் சேர்த்து 4 பேர் இறந்தார்கள். ஊர் மைதானத்தில் 1,12,000 பேருக்கு மேல் வரிசையில் நிறுத்திச் சோதித்ததில் 249 பேரிடம் சீசியம் இருந்தது. அந்த அம்மா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரோ. பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிரேசில் அதை மூடி மறைக்கவில்லை. சர்வதேச அணுசக்தி முகமையிடம் உதவி கேட்டது, வெளிநாட்டு வல்லுநர்கள் போனார்கள். நடந்தது முழுவதும் 1988-ல் அறிக்கையாக வெளிவந்தது. கொயானியாவுக்கு ஓராண்டு முன்னால் சோவியத் யூனியனின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது நிலைமை வேறு. 1986 ஏப்ரல் 26-ல் நடந்தது வெளியே தெரிந்ததே, 28-ஆம் தேதி ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் செருப்பைச் சோதித்த கருவி அலறியதால்தான். அந்த மௌனத்துக்குப் பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில், விபத்தை உடனே அறிவிக்க ஒரு உடன்படிக்கையும் உதவிக்கு வர இன்னொன்றும் வந்தன. நம் நாடும் இரண்டிலும் இருக்கிறது.

அப்படியும் 2000-ல் தாய்லாந்தில், பாங்காக் பக்கத்து சமுத் பிராகானில், கார் நிறுத்தும் இடத்தில் போட்டுவைத்திருந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள கருவி பழைய இரும்புக்கடைக்கு வந்தது. கேஸ் கட்டரால் வெட்டினார்கள், 3 பேர் இறந்தார்கள். கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ் எச்சரிக்கைச் சின்னம் அதில் இருந்தது, வெட்டியவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அதனால் 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிக் கேட்டு, 2007-ல் புதுச் சின்னம் கொண்டுவந்தார்கள்: சிவப்பு முக்கோணம், உள்ளே கதிர், மண்டையோடு, ஓடுகிற மனிதன். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் "ஓடு" என்று புரிய வேண்டும் என்பதற்காக.

நம் நாட்டிலும் நடந்தது. 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கதிரியக்கக் கருவி மாயாபுரி இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். அதனால்தான் "இரும்புக்குப் போட்டோம்" என்று படிக்கும்போது மனசு கேட்பதில்லை. உங்கள் கடிகாரம் மாயாபுரிக் கருவி ஆகாது, அளவு மிகச் சிறியது. ஆனால் இரும்புக்கடையில் முகப்பைச் சுத்தியலால் உடைக்கும் பையனுக்குத் தூள் தூள்தான்.

பினாங்குக்குப் பார்சல் வேண்டாம். கதிரியக்கப் பொருளை எப்படிப் பொதிய வேண்டும், எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று முகமை 1961 முதலே விதி போட்டிருக்கிறது. அந்த நாட்டு அனுமதி இல்லாமல் அனுப்பினால் தம்பிக்குத்தான் தலைவலி.

செய்ய வேண்டியது: கடிகாரத்தை அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, ஆள் படுக்காத அறையில், காற்றோட்டமாக வையுங்கள். போட்டோ எடுத்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள். மும்பைதான் தலைமையகம், சென்னையில் தெற்கு மண்டல மையம் இருக்கிறது. பெட்டகத்தில் தூள் இருந்தால் துடைப்பத்தால் கூட்டாமல், ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து அதே பையில் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மேன்டிலும் அப்படித்தான். பழைய மேன்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும், மணவாளக்குறிச்சி மணலிலும் அதுதான். பிரிக்காத வரை தொந்தரவு இல்லை. எரிந்து உதிர்ந்த சாம்பலை ஊதக் கூடாது.

பழைய இரும்பு, காரைக்குடி

சார், நான் இந்தத் தொழில்தான். ஒருமுறை எங்கள் லோடு உருக்காலை வாசலில் நின்றுவிட்டது. கேட்டில் கதிர்வீச்சைச் சோதிக்கிற கருவி கத்தியது. லாரியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ என்றார்களே தவிர, என்ன, ஏது என்று யாரும் சொல்லவில்லை. டிரைவர் பாதி வழியில் பயந்துபோய் எனக்குப் போன் போட்டார். அப்படி நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பள்ளத்தூர் - கல்பாக்கம்

திருப்பி அனுப்பியது தவறு, தம்பி. கருவி கத்தினால் லாரி அங்கேயே தனியாக நிற்க வேண்டும். ஆலைக்காரர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். அளக்கிறவர் வந்து பார்க்கும்வரை யாரும் லோடைக் கிளறக் கூடாது. திருப்பி அனுப்பினால் அந்தப் பொருள் வழியில் எங்கேயாவது இறங்கிவிடும்.

அந்தக் கேட் கருவிகளை மதித்து நடக்க வேண்டிய காரணம் சொல்கிறேன். 2008-ல் பிரான்சில் லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருப்பது தெரியவந்தது. இந்தியாவிலிருந்து போன எஃகு. எங்கேயோ ஒரு பழைய இரும்புக் குவியலில் கலந்து உருகியது, அங்கே தொழிற்சாலையில் பட்டன் செய்தவர்கள் மேல் கதிர் பட்டது. அவர்களும் நம்மைப் போல வேலைக்குப் போய் வருகிறவர்கள்தானே?

கடையில் கையளவு சாமான் தாங்க முடியாத கனமாக இருந்தால், ஈயக் கூடாக இருந்தால், அந்தச் சின்னம் பாதி அழிந்தாவது தெரிந்தால், வெட்டாதீர்கள். எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு 100-க்குச் சொல்லுங்கள். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது, இதற்குப் பயிற்சி எடுத்தவர்கள்.

தேவகோட்டை வளவு

நன்றி அண்ணே. கடிகாரமும் மேன்டிலும் பையில் போட்டு ஒட்டியாயிற்று. ஆல்வீட்டு அறையில் வைத்துப் பூட்டி, சாவியை மகளிடம் கொடுத்துவிட்டேன். வாரியத்துக்கு மெயில் அவளே எழுதுகிறாள். பினாங்குத் தம்பிக்குப் போட்டோ மட்டும் அனுப்பினேன். அவன் வீட்டு ஷோகேஸில் இதே மாதிரி இன்னொரு கடிகாரம் இருக்கிறதாம், சின்னப் பிள்ளைகள் எடுத்து விளையாடுகிறார்களாம். அதற்கு அவன் அங்கே யாரிடம் சொல்ல வேண்டும்?

பள்ளத்தூர் - கல்பாக்கம்

பிள்ளைகள் கையிலிருந்து இன்றைக்கே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மலேசியாவுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறைத் துறை இருக்கிறது. நீங்கள் செய்தபடியே பையில் போட்டு ஒட்டி, அவர்களுக்குப் போட்டோவுடன் எழுதட்டும்.