மறு: நாசில் = மைக்கண்? (கார்ட்ரிட்ஜ் இழையின் தொடர்ச்சி)

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக, இன்க்ஜெட் பிரிண்டரில் மை இருக்கும் பெட்டியான கார்ட்ரிட்ஜுக்குத் தமிழ்ச் சொல் தேடி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். மைக்கூடு, மைப்பேழை, மைப்பொதி, மைத்தோட்டா என்று வரிசை நீள்கிறது. தோட்டாவை முன்வைத்தவர் அகராதியைப் பார்த்துத்தான் சொன்னார், அவர்மேல் குறையில்லை. ஆனால் "காலியான தோட்டாவை மறுபடி நிரப்பவும்" என்று கையேட்டில் போட்டால் காவல் நிலையத்தில்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். என் ஓட்டு மைக்கூட்டுக்கு. பேனாவில் மை ஊற்றி எழுதிய தலைமுறைக்குப் பழகிய சொல், மற்றவர்களுக்கும் பார்த்ததும் புரியும். அதோடு அதை முடித்துக்கொள்ளலாம்.

நான் எழுத வந்தது வேறு. நாம் தமிழாக்கும் கையேடு, மை நிரப்பிப் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜைக் கழுவிப் பராமரிப்பது பற்றியது. அந்த வேலையில் கூட்டுக்குப் பெரிய பங்கே கிடையாது. பாடு முழுக்க அதன் அடித்தகட்டில் மை வெளியே வரும் துளைகளோடுதான், ஆங்கிலத்தில் நாசில் என்கிறார்களே, அவற்றோடு. வரைவைத் திறந்து பாருங்கள், அந்தத் துளைக்கு ஒரே பக்கத்தில் நாசில், நுண்துளை, முனை, தலை என்று நான்கு பெயர். "தலையைக் கழுவிய பின் முனையைத் துடைக்கவும்" என்ற வரியைப் படித்து என் மகள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே பதினான்கு வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் நான். சிரிஞ்சும் கையுமாக எத்தனையோ கார்ட்ரிட்ஜ் நிரப்பியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒன்றில் கறுப்பு வராமல் போக, குண்டூசியால் குத்திவிட்டேன். அந்தத் துளைகள் தலைமுடியின் பருமனைவிடச் சிறியவை. குண்டூசி எங்கே நுழையும்? தகடு கீறிப்போய்க் கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போனது. அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா சொன்னது: "இடியாப்ப அச்சுல கண்ணு அடைச்சா ஊசியால குத்துவியா? வெந்நீர்ல ஊறப்போடுடா."

சொல்லும் செய்முறையும் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டன. அன்றிலிருந்து கடையில் எங்களுக்கு அது கண்தான். "கண்ணு அடைச்சிருக்கு" என்றால் வேலைக்கு இருந்த பையனுக்கும் புரியும், பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வரும் வாத்தியாருக்கும் புரியும். ஆகவே நாசிலுக்கு 'மைக்கண்' என்பதை முன்வைக்கிறேன். சல்லடைக்கண், வலைக்கண், ஊற்றுக்கண் என்று சிறு துளையைக் கண் என்பது நமக்குப் புதிதல்ல.

இனி, போன முறை இதை ஒரு வரியில் சொன்னபோது வந்த மறுப்புகள்.

> மைக்கண் என்றால் மை தீட்டிய கண் அல்லவா?

ஆமாம், முதல் தடவை படிக்கும்போது அப்படித்தான் தோன்றும். இரண்டாவது தடவை தோன்றாது. ஊற்றுக்கண்ணைப் படித்து யாரும் அழுகிற கண்ணை நினைப்பதில்லையே.

> நாசில் செக் என்பது 'கண் சோதனை' ஆகிவிடும். பிரிண்டரைக் கண் ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோவது?

இது நியாயமான கவலை. எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று அச்சிட்டுப் பார்க்கும் அந்த நாசில் செக், பிரிண்டர் மெனுவில் வரும் இடமெல்லாம் 'மைக்கண் சோதனை' என்று முழுசாகப் போடுவோம். விளக்கப் பத்திக்குள் வெறும் கண் போதும்.

> நாசில் என்பதில் பீய்ச்சும் பொருள் உண்டு. 'பீய்ச்சுமுனை' என்பதே துல்லியம்.

ஐயா, தோட்டத்து ஹோஸுக்கும் டீசல் இன்ஜெக்டருக்கும் நீங்கள் சொல்வது சரி. அங்கே முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்க்ஜெட்டில் நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை. தட்டையான தகடு, அதில் வரிசையாகச் சில நூறு ஓட்டைகள், அவ்வளவுதான். பீய்ச்சுகிற வேலையையும் ஓட்டை செய்வதில்லை. ஓட்டைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சூடேற்றி இருக்கிறது. அது மைக்ரோ விநாடிக் கணக்கில் முந்நூறு டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது, அங்கே ஒட்டியிருக்கும் மை ஆவியாகிக் குமிழி கிளம்புகிறது, குமிழி தள்ளும் தள்ளில் சில பிகோலிட்டர் அளவுத் துளி வெளியே தெறிக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி பிகோலிட்டர் என்று சொன்னால் துளியின் அளவு பிடிபடும். எச்பி 1984இல் திங்க்ஜெட்டைக் கொண்டுவந்ததும், கேனான் தன் பிரிண்டருக்கு பபிள்ஜெட் என்று பேர் வைத்ததும் இந்த முறையை வைத்துத்தான்.

அந்தக் குமிழியைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் 'குமிழித்தூம்பு' என்று எழுதியிருந்தார். பாண்டிய நாட்டு ஏரிகளின் மதகுக்குள் இருக்கும் ஏற்பாடு. தண்ணீர் போக நீரோடித் துளை, வண்டல் போகச் சேறோடித் துளை. படித்ததும் எனக்குப் புல்லரித்தது உண்மை. அடைப்பு எடுக்கிற நம் வேலைக்கு இவ்வளவு பொருத்தமான பழைய சொல் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் வேண்டாம். கடைப் பையன் வாயில் அது நுழையாது. அதோடு எப்சன் பிரிண்டரில் குமிழியே கிடையாது, மின்சாரம் பட்டால் வளையும் படிகம்தான் அங்கே மையைத் தள்ளுகிறது.

கண் என்று வைத்துக்கொண்டால் பழுதுகளுக்கும் பெயர் தானாக வருகிறது. எனக்கு இதுதான் முக்கியம். வரைவில் எல்லாக் கோளாறுக்கும் 'அடைப்பு' என்றே இருக்கிறது. அது ஆபத்து, ஏனென்றால் வைத்தியம் வேறு வேறு.

மை காய்ந்து கண் அடைத்திருந்தால் சோதனைத் தாளில் எத்தனை முறை எடுத்தாலும் அதே இடத்தில் அதே கோடு விடுபடும். இதற்கு ஊறல். தட்டில் நாலாக மடித்த டிஷ்யூவை வைத்து, கை பொறுக்கும் சூட்டில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, கண் கீழே இருக்கும்படி சில நிமிடம் நிறுத்த வேண்டும். பேட்டரிக் கடையில் கேட்டால் டிஸ்டில்டு வாட்டர் கொடுப்பார்கள் (ஆசிட்டை வாங்கிவந்துவிடாதீர்கள், ஒருவர் வாங்கிவந்தார்). போர் தண்ணீர் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு காய்ந்து கண்ணை இன்னும் அடைக்கும். பிறகு பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் கண்ணுக்குள் போய்விடும். நிறம் தண்ணீரில் கரைந்திருக்கும் சாய மை சுலபமாகக் கரையும். நிறம் நுண்பொடியாக மிதக்கும் நிறமி மை, அதாவது பல கறுப்புக் கார்ட்ரிட்ஜ்களில் இருப்பது, காய்ந்துவிட்டால் படுத்தும்.

இன்னொன்று காற்று பிடிப்பது. பக்கத்தின் தலைப்பு பளிச்சென்று வரும், பாதியில் வெளுக்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி வரும். விடுபடும் கோடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே உள்ள ஸ்பான்ஜுக்கும் கண்ணுக்கும் நடுவே காற்று நிற்கிறது என்று பொருள். அவசர அவசரமாக ஊசியை அழுத்தி நிரப்பினால் இது வரும். இதை மணிக்கணக்கில் ஊறவைத்தாலும் பயனில்லை, கண் பக்கம் சிரிஞ்சை வைத்து இழுக்க வேண்டும். ஆங்கிலத்தில் பிரைமிங் என்கிறார்கள். வரைவில் 'முதன்மையாக்கல்' என்று இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் என்ன செய்கிறோம்? காற்று எடுக்கிறோம். இங்கேயும் 'காற்றெடுப்பு' போதும். மேலே உள்ள காற்றுத்துளையை டேப் ஒட்டி மூடிவிட்டாலும் இதே கூத்துதான். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வருமா?

சூடேற்றி எரிந்துபோனால் அது தீராத பழுது. மைதான் அதைக் குளிரவைப்பதும். எழுத்து வெளுத்த பிறகும் "இன்னும் நாலு பக்கம்தானே" என்று ஓட்டினால் போச்சு. 'அவிந்த கண்' என்று எழுதலாமா? கொஞ்சம் கொடூரமாகத் தெரிந்தால் மாற்றுச் சொல்லுங்கள். ஆனால் திரும்பி வராது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நிரப்பிய பின் பார்க்க வேண்டியதை வரைவில் ஒருவரும் எழுதவில்லை. மூன்று நிறக் கார்ட்ரிட்ஜை டிஷ்யூமேல் ஒரு முறை ஒற்றிப் பாருங்கள். மூன்று பட்டை தனித்தனியாக விழ வேண்டும். ஒன்றாகக் குழம்பினால் மை அதிகம். ஸ்பான்ஜ் மையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கண் ஒழுகாமல் இருக்கிறது. வழிய வழிய ஊற்றினால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

அப்புறம் கேப்பிங் ஸ்டேஷன். கார்ட்ரிட்ஜைச் சுமந்து ஓடும் வண்டி ஓரமாகப் போய் நிற்கும்போது கண்ணை மூடுகிற ரப்பர் மூடி. இதற்கு 'இமை' என்று சொல்லிப் பாருங்கள். "பிரிண்டரை அதன் பொத்தானில் அணைக்கவும், சுவர் சுவிட்சில் அணைத்தால் இமை மூடாமல் போகலாம், கண் இரவெல்லாம் காய்ந்துவிடும்." மூன்று வரி விளக்கம் மிச்சம். (காய்ந்த மைக்குப் 'பீளை' என்று என் தம்பி சொன்னான். அதை நான் முன்மொழியவில்லை.)

கடைசியாகக் கூட்டுக்கே வருகிறேன். எச்பி, கேனான் மலிவு ரகங்களில் கண் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே இருக்கிறது. எப்சனில் கண் பிரிண்டரிலேயே இருக்கிறது, கூட்டில் வெறும் மைதான். "கழற்றி ஊறவைக்கவும்" என்ற அறிவுரை முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். வரைவு இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறது. 'கண்கூடு' என்று வைக்க ஆசைதான், ஆனால் அது கண்கூடாகவே வேறு பொருளில் புழங்குகிறது. 'கண்ணுள்ள மைக்கூடு', 'கண்ணில்லா மைக்கூடு' என்று நீட்டி எழுதுவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. இலங்கை நண்பர்கள் யாராவது சுருக்கமாக ஏதேனும் தருவீர்களா?

பிரிண்டர் மெனுவில் வரும் 'டீப் கிளீனிங்'குக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை. 'ஆழக் கழுவல்' வேண்டாம், அங்கே ஆழம் எதுவும் இல்லை. கூடுதல் மையைக் கண் வழியாக உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் கொட்டுகிறது, அவ்வளவுதான். எனவே என்ன பேர் வைத்தாலும் பக்கத்திலேயே "மை நிறைய வீணாகும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.