ஐசிசி தலைமையகம் துபாயிலேயே இருக்கலாமா? மாற்றினால் நம்ம தென்னாப்பிரிக்க வாரியம் எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும்?

ஃபீனிக்ஸ் குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து கிளப்பில் உட்கார்ந்து பேசும்போது கிளம்பிய சண்டை இது. அங்கே முடியவில்லை, அதனால் இங்கே வைக்கிறேன்.

ஐசிசி, அதாவது சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், 1909-ல் லண்டனில் பிறந்தது. தொடங்கிய நாடுகள் மூன்றே மூன்று: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு லண்டனில் இருந்துவிட்டு 2005-ல் துபாய்க்குப் பெட்டி கட்டியது. 2024 டிசம்பர் 1 முதல் அதன் தலைவர் ஜெய் ஷா, இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் செயலாளராக இருந்தவர். தலைமையகத்தை மாற்றத் தீர்மானம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்த பிறகு யோசித்தால் நேரம் இருக்காது, அதுதான் என் கவலை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவைப் பாருங்கள். 2024 மே மாதம் பாங்காக்கில் கூடி, விதியில் இருந்த சூரிச் பெயரை எடுத்துவிட்டு, தலைமையகம் எங்கே என்பதை மாநாடு தீர்மானிக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். கட்டடம் அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

என் கட்சி இது: ஐசிசி துபாயை விட்டு வர வேண்டும். கேள்வி கேட்கும் பத்திரிகையும், அரசுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதத் துணியும் நீதிமன்றமும் உள்ள நாட்டில்தான் உலக அமைப்பு இருக்க வேண்டும். அந்தத் தகுதி நம் நாட்டுக்கும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் ஏன் இருக்கக்கூடாது?

டோங்காட் செல்வி:
தம்பி, நான் கணக்கு வேலை பார்ப்பவள், அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஐசிசி துபாய்க்குப் போனது வெயில் காய அல்ல. தொண்ணூறுகளில் ஒளிபரப்பு உரிமையில் பணம் கொட்டத் தொடங்கியது. அந்தப் பணத்துக்கு பிரிட்டனில் வரி கட்டாமல் இருக்க வணிகப் பிரிவை மொனாக்கோவில் வைத்தார்கள், நிர்வாகம் லண்டனில். ஒரே அமைப்புக்கு இரண்டு அலுவலகம். இரண்டையும் லண்டனிலேயே சேர்த்து வைக்கிறோம், வரிச் சலுகை கொடுங்கள் என்று பிரிட்டிஷ் அரசிடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. துபாய் வா என்றது, போனார்கள்.

இப்போது ஜோகன்னஸ்பர்க் என்கிறாய். இங்கே நிறுவன வரி 27 சதவீதம். துபாயிலும் 2023 ஜூனிலிருந்து நிறுவன வரி வந்துவிட்டது, ஆனால் அங்கே பொது விகிதமே 9 தான். அதற்கு மேல் நம் ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு, ஒவ்வொரு தடவையும் இங்கே படிவம் நிரப்பிக்கொண்டு நிற்குமா? வரியாகப் போகும் ஒவ்வொரு டாலரும் நமீபியாவுக்கோ உகாண்டாவுக்கோ போக வேண்டிய டாலர்தான். துபாயிலேயே இருக்கட்டும்.

ஜோபர்க் மதுரைக்காரன்:
வரி, நீதிமன்றம் எல்லாம் சரி. பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பேசவில்லையே? 2024 முதல் 2027 வரை இந்தியாவில் ஒளிபரப்பும் உரிமை மட்டும் சுமார் 300 கோடி டாலருக்குப் போனதாகச் செய்தி. ஆட்டத்தைப் பார்ப்பவனும் அங்கே, விளம்பரம் கொடுப்பவனும் அங்கே. பேட்மின்டன் கூட்டமைப்பு இங்கிலாந்தின் செல்டனமில் இருந்தது. ஆட்டத்தின் உயிர் ஆசியாவில் என்று தெரிந்ததும் 2005-ல் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். கிரிக்கெட் மட்டும் ஏன் பாலைவனத்தில் வாடகை வீட்டில் இருக்க வேண்டும்? மும்பைக்கு வரட்டும். நான் மதுரைக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, நியாயம் அதுதான்.

டோங்காட் செல்வி:
அண்ணா, 2016 டி20 உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது ஐசிசிக்கு இந்திய அரசு வரிவிலக்கு தரவில்லை. அந்தத் தொகையை பிசிசிஐக்குச் சேர வேண்டிய பங்கில் ஐசிசி பிடித்து வைத்தது. வருஷக்கணக்கில் இழுத்த தகராறு அது. ஒரு போட்டித் தொடருக்கே அப்படி என்றால், அலுவலகத்தையே அங்கே வைத்தால்?

மெரபேங்க் பிள்ளை:
பிள்ளைகளே, கொஞ்சம் பழைய கதையும் கேளுங்கள். பிரிட்டன் நல்ல நீதிமன்றம் உள்ள நாடு, நல்ல பத்திரிகை உள்ள நாடு. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஐசிசி இருந்தபோது நமக்கு என்ன கிடைத்தது? 1989 வரை அந்த மைதானத்தின் சொந்தக்காரரான எம்சிசி கிளப்பின் தலைவர்தான் ஐசிசிக்கும் தலைவர். இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 1993 வரை வீட்டோ, எந்த முடிவையும் தடுக்கும் அதிகாரம். தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டுப் போனதால் 1961-ல் உறுப்புரிமை போனது. கறுப்பரையும் இந்தியரையும் அணியில் சேர்க்காததற்காக அந்த அமைப்பு யாரையும் வெளியே அனுப்பவில்லை. உறுப்புரிமை போன பிறகும் அதே வெள்ளையர் அணியோடு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூவரும் 1970 வரை டெஸ்ட் ஆடினார்கள். இந்தியாவோடும் பாகிஸ்தானோடும் வெஸ்ட் இண்டீஸோடும் இந்த நாடு ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை, திரும்பச் சேர்க்கும் வரை.

நாங்கள் டர்பனில் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பாய் விரித்த பிட்ச்சில் ஆடிய பிள்ளைகள். டெஸ்ட் நடக்கும் கிங்ஸ்மீடு மைதானத்துக்குப் போனால் எங்களுக்கென்று கம்பி போட்ட தனிப் பகுதி. வெளிநாட்டு அணிக்குத்தான் கை தட்டுவோம். 1992 நவம்பரில் இந்தியா முதல் டெஸ்ட் ஆட டர்பனுக்கு வந்தபோது அதே கிங்ஸ்மீடில் புல்மேட்டில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆனது. என் மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, சச்சின் ரன் அவுட்டா இல்லையா என்று எல்லாரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது நடுவர் டிவி பார்த்து அவுட் கொடுத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பிரவீன் ஆம்ரே முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார்.

1991-ல் நம்மைத் திரும்பச் சேர்க்க முன்மொழிந்தது இந்தியா. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் மும்பை வேண்டாம். ஆட்டத்தில் ஒருவன் பெரியவனாக இருந்தால், கூட்டம் அவன் வீட்டில் நடக்கக்கூடாது. லார்ட்ஸில் நாங்கள் பட்டது அதுதான்.

சாட்ஸ்வொர்த் கோச்:
பிள்ளை ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இந்தத் திரி முழுக்கத் தப்பான கேள்வியில் போகிறது.

2023 ஜூலையில் ஐசிசியின் ஆண்டு மாநாடு எங்கே நடந்தது? நம்ம டர்பனில். பெண்கள் அணிக்கும் ஆண்களுக்குச் சமமான பரிசுத்தொகை என்று அறிவித்தது இங்கேதான், நல்ல விஷயம். அதே கூட்டத்தில்தான் 2024 முதல் 2027 வரைக்குமான பணப் பங்கீடும் உறுதியானது. செய்திகளில் வந்த கணக்குப்படி இந்தியாவுக்கு ஏறக்குறைய 38.5 சதவீதம், நமக்கு 4.4-க்கும் கீழே. 1909-ல் சேர்ந்து தொடங்கிய நாடு! நம் கடற்கரையில் வைத்தே அது முடிந்தது. இடம் டர்பன்தானே குமரா, என்ன மாறியது?

நான் பயிற்சி கொடுக்கும் மைதானத்தில் இரண்டு வலை. ஒன்றில் முழங்கால் உயரத்தில் கிழிசல், பந்து அதன் வழியாக வாய்க்காலுக்குப் போகும், ஒரு பையனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். பதினாலு பிள்ளைகளுக்கு மூன்று ஹெல்மெட். நம்ம டெஸ்ட் அணியில் ஆடிய செனுரான் முத்துசாமி மாதிரி அடுத்தவன் இந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்று எல்லாரும் பேசுகிறோம். ஹெல்மெட் யார் வாங்குவது? அலுவலகம் துபாயில் இருந்தால் என்ன, துருவத்தில் இருந்தால் என்ன.

ஃபீனிக்ஸ் குமரன்:
கோச் அண்ணா, டர்பனில் நடந்தது சில நாள் கூட்டம். விருந்தாளி வந்து போவது வேறு, வீடு இருப்பது வேறு. தலைமையகம் என்றால் ஊழியர் யார், எந்த நாட்டுப் போலீஸ் கதவைத் தட்டலாம், ஆவணம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்பதெல்லாம் வரும். 2015 மே 27 விடிகாலையில் சூரிச் ஹோட்டலில் ஃபிஃபா அதிகாரிகளை எழுப்பிக் கைது செய்தது சுவிஸ் போலீஸ். அதன் பிறகுதான் 2010 உலகக் கோப்பைக்காகத் தென்னாப்பிரிக்கா பக்கமிருந்து போன 1 கோடி டாலர் பற்றியே நாம் பேசத் தொடங்கினோம். அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அதை லஞ்சம் என்றார்கள், நம் அரசு மறுத்தது. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும், பேச்சாவது வெளியே வந்ததே. துபாயில் அப்படி ஒரு விடிகாலையை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

டோங்காட் செல்வி:
அந்தக் கைதுக்கு வாரண்ட் கேட்டது அமெரிக்கா. பணம் அமெரிக்க வங்கி வழியாகப் போனதால் அவர்களால் கேட்க முடிந்தது. ஃபிஃபா 1932-லிருந்து சூரிச்சில் இருக்கிறது. சுவிஸ் நீதிமன்றம் பக்கத்திலேயே இருந்தும் எத்தனை வருஷம் எல்லாம் மூடியே கிடந்தது?

இன்னொன்று. ஐசிசி அலுவலகம்தான் துபாயில். அது நிறுவனமாகப் பதிவானது பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில். இந்தியா இருதரப்புத் தொடர் ஆட வராததால் நஷ்டம் என்று பாகிஸ்தான் வாரியம் பிசிசிஐ மேல் போட்ட வழக்கை 2018-ல் ஐசிசியின் சொந்தத் தீர்ப்பாயம் விசாரித்தது. துபாயில் உட்கார்ந்துதான் விசாரித்தார்கள், தலைமை வகித்தவர் லண்டன் வழக்கறிஞர், துபாய் அரசு நீதிமன்றத்துக்கு அதில் வேலையே இல்லை. பாகிஸ்தான் தோற்றது. ஆனால் இரண்டு தரப்பு வக்கீலும் சாட்சியும் ஒரே அறையில் வந்து உட்கார முடிந்தது. அதே வழக்கை மும்பையில் நடத்தியிருந்தால் பாகிஸ்தான்காரர்களுக்கு முதல் சண்டை விசாவோடுதான். லண்டன் என்றால் நமக்கும் 2009-லிருந்து விசா வேண்டும். டர்பனிலிருந்து துபாய்க்கு நேர் விமானம் இருக்கிறது.

ஜோபர்க் மதுரைக்காரன்:
விசா விஷயத்தில் செல்வி சொல்வது நியாயம், மறுக்கவில்லை. 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் பாகிஸ்தான்தான் நடத்தும் நாடு, ஆனால் இந்தியா எல்லா ஆட்டத்தையும் துபாயில் ஆடியது, இறுதி ஆட்டமும் அங்கேயே. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள். இந்தியாவுக்கு எது வசதியோ அதற்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் ஊராகத்தான் துபாய் இருக்கிறது. நடுநிலை என்று பெயர், வேலை நடப்பது ஒருவருக்கு. அப்படியானால் வெளிப்படையாக மும்பையிலேயே இருந்துவிட்டால் பொறுப்பும் அவர்கள் தலையில் விழும். இந்தியப் பத்திரிகைகள் கேட்கும், இந்திய உச்ச நீதிமன்றம் கேட்கும். பிசிசிஐயைச் சீர்திருத்த நீதிபதி லோதா குழுவைப் போட்டு அதையே உலுக்கியது அந்த நீதிமன்றம்தான், நினைவிருக்கட்டும்.

மெரபேங்க் பிள்ளை:
தம்பி, அந்த நீதிமன்றம் இந்திய வாரியத்தைக் கேட்டது இந்தியக் குடிமகனுக்காக. சாட்ஸ்வொர்த் பையனுக்காகக் கேட்குமா?

ஃபீனிக்ஸ் குமரன்:
ஆப்பிரிக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. 1957-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கியது எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா. நம் அரசு கலப்பு அணி அனுப்ப மறுத்ததால் முதல் போட்டியிலேயே நாம் இல்லை. இன்று 2021-லிருந்து அதன் தலைவர் நம்ம பேட்ரிஸ் மோட்செபே, தலைமையகம் கெய்ரோவில். தலைவர் ஊருக்கு அலுவலகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லையே. கிரிக்கெட்டிலும் பெர்சி சன் தலைவராக இருந்தார், ஹாரூன் லோர்கட்டும் டேவ் ரிச்சர்ட்சனும் தலைமை நிர்வாகிகளாக இருந்தார்கள். மூவரும் துபாய் அலுவலகக் காலத்து ஆட்கள், தென்னாப்பிரிக்கர்கள். ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்று என்று எவரும் அழுத்தவில்லை. அந்தப் பண்பு நாளைக்கு வருபவருக்கும் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது, விதியில் எழுத வேண்டும்.

செல்வி அக்கா சொன்ன வரிக் கணக்கைப் பார்த்த பிறகு ஜோகன்னஸ்பர்க் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. துபாய் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. நம் மாகாண சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அவர்கள் வழியாக வாரியத்துக்குப் போகட்டும் என்று நினைக்கிறேன். இரண்டே கோரிக்கை. ஒன்று, தலைமையகத்தை மாற்ற முழு உறுப்பினர் 12 பேரில் குறைந்தது 9 பேரும், இணை உறுப்பினர்களில் பெரும்பான்மையும் சம்மதிக்க வேண்டும். இரண்டு, எந்த நாடு வரி, நிலம், கட்டடம் என்று என்ன சலுகை தருகிறது என்ற ஒப்பந்தத்தை வாக்கெடுப்புக்கு முன் எல்லா வாரியத்துக்கும் காட்ட வேண்டும். உலக நீச்சல் கூட்டமைப்பு சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து புடாபெஸ்டுக்குப் போகிறது, ஹங்கேரி அரசோடு ஒப்பந்தம் போட்டு. வீடு கட்டிக் கொடுக்கும் அரசு பதிலுக்கு என்ன கேட்கிறது என்பது உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டாமா?

டோங்காட் செல்வி:
இரண்டாவது கோரிக்கைக்கு முழு ஆதரவு. முதலாவதில் கையெழுத்துப் போட மாட்டேன். 9 பேர் என்று பூட்டினால், துபாய் அரசு நாளைக்கு வரியை ஏற்றினாலும் வெளியே வர முடியாது. நாலு பேர் சேர்ந்து தடுத்துவிடலாம். பிள்ளை ஐயா சொன்ன வீட்டோ வேறு பெயரில் திரும்ப வந்துவிடும்.

மெரபேங்க் பிள்ளை:
இரண்டு பேர் வைத்திருந்த வீட்டோவும் நாலு பேர் சேர்ந்தால் வரும் தடையும் ஒன்றில்லை அம்மா. நாலு பேரைச் சேர்க்க நாலு வாசல் ஏறி இறங்க வேண்டும். குமரா, என் பெயரைப் போட்டுக்கொள்.

சாட்ஸ்வொர்த் கோச்:
மூன்றாவதாக ஒன்று சேர்த்தால் நானும் போடுகிறேன். மாற்றத்துக்கு எவ்வளவு செலவு, மிச்சமாகும் பணத்தில் எத்தனை பங்கு முழு உறுப்பினர் நாடுகளின் பள்ளிக் கிரிக்கெட்டுக்கு வரும் என்று தொகை போட்டுக் காட்ட வேண்டும். அது இல்லாமல் எந்த ஊருக்கும் நம் வாரியம் கை தூக்கக்கூடாது.

ஜோபர்க் மதுரைக்காரன்:
என் பெயர் வேண்டாம். மும்பை என்ற நிலையில்தான் இருக்கிறேன். ஆனால் கோச் அண்ணா, அந்த ஹெல்மெட் என்ன அளவு என்று தனியாகச் சொல்லுங்கள். ஜோபர்க்கில் எங்கள் கிளப்பில் நாலைந்து சும்மா கிடக்கிறது.

ஃபீனிக்ஸ் குமரன்:
கோச் அண்ணாவின் மூன்றாவதைச் சேர்த்துவிட்டேன். செல்வி அக்காவின் ஆட்சேபத்தையும் கடிதத்தின் கீழேயே எழுதி அனுப்புகிறேன், ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போட விரும்புபவர்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை சங்க அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்கிறேன்.