கலுங்கு வைத்த தொட்டி: உப்புநீர் மீன் வளர்ப்பில் குழாய் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். மேல்தொட்டியிலிருந்து குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும் தண்ணீரை மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒரு நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் நின்றது. நான் கடையில் இருந்தேன். ஒன்பதே கால் இருக்கும், அப்பத்தா போனில் கூப்பிட்டார். "தாழ்வாரப் பத்தி முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, உடனே வா" என்றார். ஓடிவந்து பார்த்தால் கீழ்த்தொட்டியான சம்ப் ததும்பி வழிந்து, உப்புநீர் ஆத்தங்குடிக் கற்களின் இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தோம், நல்ல தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவினோம். ஆனாலும் நான்காம் நாள் கல் இணைப்புகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. அய்யா காலத்தில் பதித்த கல். இன்றும் அந்த இடத்தைத் தாண்டிப் போகும்போது மனது வலிக்கிறது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம், விளிம்பு வரை கணக்கிட்டால் 270 லிட்டர். சம்ப் 60, 40, 40. மொத்தம் 96 லிட்டர் பிடிக்கும். அதில் பாதி உயரத்துக்கு, அதாவது 48 லிட்டர், எப்போதும் தண்ணீர் நிற்கும். மீதி 48 லிட்டர் காலி இடம் தாராளம் என்று நினைத்திருந்தேன். நான் கணக்கில் எடுக்காதது மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாயின் வாய். அது நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தது. மோட்டார் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, மேலே உள்ள தண்ணீரைத் தன் வாய் மட்டம் வரை கீழே இழுத்துவிடும். 120க்கு 45 தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது 5.4 லிட்டர். 10 செ.மீ. என்றால் 54 லிட்டர். காலி இடமோ 48. குழாய்களுக்குள் இருந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் இது. தொட்டி வைத்த அன்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது குழாயின் வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்திவிட்டேன். கரண்ட் நின்றால் 11 லிட்டர் போல இறங்குகிறது, அவ்வளவுதான். ஒருவழி வால்வு போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். உப்புநீரில் அதன் மூடியில் சுண்ணாம்பும் பாசியும் படிந்து, ஒரு நாள் முழுதாக மூடாது.

வெள்ளம் நின்றதும் மற்ற தொல்லைகளையும் கையோடு தீர்க்க முனைந்தேன். ஒன்று, சத்தம். மேலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாயில் தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கி, இரவெல்லாம் கடகடவென்று ஓசை. வளவு வீட்டில் எந்தச் சத்தமும் முற்றத்தில் பட்டு இரட்டிப்பாகும். குழாயில் வால்வு போட்டு, வருகிற தண்ணீருக்குச் சமமாகப் போகிற தண்ணீரைத் திருகி நிறுத்தப் பார்த்தேன். இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். காலையில் சரியாக இருக்கும். மாலையில் மட்டம் ஒரு விரல் ஏறியிருக்கும், அல்லது இறங்கிக் காற்றை உறிஞ்சும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தாதான் கேட்டார்: "ஊருணிக்கு வரத்துக்காலில் வருகிற மழைத் தண்ணீரை யாரப்பா அளந்து விடுகிறார்கள்? கலுங்கு இருக்கிறது, மட்டம் நிற்கிறது."

கலுங்கு என்றால் நிறைந்த ஊருணியின் மிகுதி நீர் தானாக வழிந்து போகும் இடம். அதுதான் விடை. வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் ஹெர்பி, பீன் அனிமல் என்று பெயர் வைத்துச் செய்யும் அமைப்புகளிலும் இந்த ஏற்பாடுதான் இருக்கிறது. முதல் குழாய் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கி, காற்றே இல்லாமல் சைஃபனாக இழுக்கும். அதில் கேட் வால்வு, அதாவது சிறுகச் சிறுகத் திருகி மூடும் வால்வு. இரண்டாம் குழாயின் வாய் கொஞ்சம் உயரத்தில். முதல் குழாய்க்கு மிஞ்சிய நீர் அதில் நூல் மாதிரி வழியும். வருகிற தண்ணீர் கூடினால் அந்த வழிவு கூடும், குறைந்தால் குறையும். மட்டம் தானாக நிற்கும். பீன் அனிமலில் மூன்றாவதாக ஒரு குழாயும் உண்டு. அது எப்போதும் காய்ந்தே இருக்கும். முதல் குழாயில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டால் அதுதான் வீட்டைக் காப்பாற்றும். இந்த மூன்றாம் குழாயை வீண் செலவென்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

வால்வைக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். திருகிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து மட்டத்தைப் பாருங்கள். நான் கண்ணாடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் சத்தம் அறவே நின்றது. "மோட்டார் நின்றுவிட்டதா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தார்.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, கேட் வால்வு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பொருளில் செய்தது என்பதையும் சொல்லுங்கள். நான் அங்கேதான் அடிபட்டேன்.

பால் வால்வை (உள்ளே பந்து திரும்பி மூடும் வால்வு) கொஞ்சம் தொட்டாலே மட்டம் தாறுமாறாக மாறுகிறது என்று, பிளம்பரிடம் கேட் வால்வு கேட்டேன். "அண்ணே, நல்ல உறுதியான சாமான்" என்று பித்தளையில் மாட்டிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல தண்ணீருக்கு அது உறுதிதான். ஆறே வாரத்தில் இறால்கள் ஒவ்வொன்றாகக் கால் விரித்துக் கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. கோமாளி மீன்கள் இரண்டும் எதுவும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்ததால் எனக்குக் காரணமே பிடிபடவில்லை.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். 1953இல் திறந்த நிறுவனம். உலோக அரிமானத்தை ஆராய்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. வால்வைக் கழற்றி அவரிடம் கொண்டுபோனேன். உட்புறம் மஞ்சள் நிறமே இல்லை. செம்பு நிறத்தில், நகத்தால் கீறினால் உதிரும் அளவுக்குப் பஞ்சு மாதிரி இருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, உப்புநீர் முதலில் துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிடும், பிறகு செம்பும் கசியும் என்று விளக்கினார். மீன் ஓரளவு செம்பைத் தாங்கும். கடல்மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அதையே மருந்தாகவும் விடுவார்கள். ஆனால் இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாதவற்றுக்கு அது நஞ்சு. தண்ணீரைப் பகுதி பகுதியாகப் பலமுறை மாற்றி, கார்பன் போட்டு, மூன்று மாதம் கழித்தே மறுபடி ஒரு நத்தையை விட்டேன். குழாயை இறுக்கும் கிளிப் வரை பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

கோட்டையூரிலிருந்து:

என் தொட்டியில் வேறு தொல்லை. கரண்ட் போய் வந்தால் சைஃபன் மறுபடி பிடிக்காது. தண்ணீர் மூன்றாம் குழாய் வரை ஏறி நிற்கும். இறங்கும் குழாயின் அடிவாய் சம்ப் தண்ணீருக்குள் 15 செ.மீ. மூழ்கியிருந்ததுதான் காரணம். உள்ளே அடைபட்ட காற்றால் வெளியே தள்ளிக்கொண்டு வர முடியவில்லை. 2 செ.மீ. ஆழத்துக்கு வெட்டிவிட்டேன். இப்போது அரை நிமிடம் குமிழி விட்டுவிட்டுத் தானாகப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு சந்தேகம். மோட்டார் பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருக்கிறதே, அத்தனையும் மேலே வருகிறதா?

காரைக்குடியிலிருந்து:

வராது. அந்த எண் உயரமே இல்லாமல் அளந்தது. என் மோட்டாரும் 3,000 தான். மேலே குழாய் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்தேன். அது நிறைவதற்கு 24 நொடி ஆனது. மணிக்கு 1,500 லிட்டர், சரிபாதி. ஏற்றம் 1.4 மீட்டர், அதோடு குழாயைத் திருப்பும் எல்போ ஆறு. ஒவ்வொரு எல்போவும் வேகத்தைத் தின்கிறது. இரண்டை எடுத்துவிட்டு வளையும் குழாய் போடப் போகிறேன்.

ஆனால் பெரிய மோட்டார் வாங்கிவிடாதீர்கள். சம்ப் வழியே மணிக்குத் தொட்டியின் ஐந்து மடங்கு ஓடினால் போதும். கடலில் இருக்கிற அசைவு மீனுக்கு வேண்டும் என்றால் அது தொட்டிக்குள் அலை எழுப்பும் வேவ் மேக்கரின் வேலை. மணிக்கு 4,000 லிட்டர் தள்ளுவதில் இரண்டு வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்ந்து 35 மடங்கு வருகிறது. இரண்டையும் எதிரெதிரே கண்ணாடியை நோக்கித் திருப்பியதும், பாறைக்குப் பின்னால் மாதக்கணக்கில் படிந்த கசடு கிளம்பி வெளியே வந்தது. (பாறை செயற்கைப் பாறைதான். பவளக் கல் வேண்டுமா என்று யார் கேட்டாலும் வாங்காதீர்கள், அது வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

தேவகோட்டை அண்ணனுக்கு: என்னுடையது பிளாஸ்டிக் கேட் வால்வு. இங்கே கடைகளில் கேட்டால் பித்தளையைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. நான் வரவழைக்கும்போது இரண்டாக வாங்கினேன். ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இரு பக்கமும் யூனியன் என்னும் திருகு இணைப்பு வைத்து மாட்டினால் கழுவக் கழற்றலாம். குழாய் ஒட்டும் சொல்யூஷன் தடவி ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள்.